ஆங்கில இலக்கணத்தில் ஒரு மயக்கம்

ஆங்கிலம் கற்கும் தமிழ் மாணாக்கர்க்கு அம்மொழியில் இடர் விளைப்பன பல உண்டு. எழுத்து ஒன்றாகவும் ஒலி வேறாகவும் நிற்பது ஓரிடர். பெயர்க்கு முன் நிற்கும் சார்புச்சொல் வருமிடமும் வாராவிடமும் புலப்படாமை மற்றோரிடர். இவை பழகப் பழகத் தீர்வன. பல்லாண்டு பயின்றும் தீராது, கலாசாலைப் படியேறிய பின்னரும் உடன்வரும் இடர் ஒன்று உண்டு. அஃது, பிரிபொசிஷன் எனப்படும் முன்னிடைச்சொல் இது, கஞ்சங்ஷன் எனப்படும் இணைப்புச்சொல் இது என்று பிரித்தறிய மாட்டாமையாகும். இதனைச் சிறு விஷயமெனத் தள்ளுவாரும் உளர். சிறு விஷயமேயாயினும், வேலைக்கு எழுதும் விண்ணப்பத்தின் முதல் வாக்கியத்திலேயே தலைகாட்டி, எழுதினவனைத் தாழ்வாக எண்ணச் செய்வது இதுவே. கிராமத்துப் பள்ளியிலே தமிழ் வாயிலாகக் கற்றுக் கலாசாலைக்கு வரும் மாணவன், கேட்ட வினாவுக்கு விடை அறிந்திருந்தும் வாய் திறக்க அஞ்சிக் கடைசிப் பலகையில் ஒதுங்குவதற்கு, இத்தகைய சிறு பிழைகளைப் பற்றிய அச்சமே பெரிதும் காரணமாகின்றது.

இம்மயக்கம் மாணவனது அறிவுக் குறைவினால் வருவதன்று. கற்பிக்கும் முறையினால் வருவது. இதனை நீக்கும் மருந்தோ அவன் தாய்மொழி இலக்கணத்திலேயே உளது. இதுவே யாம் ஈண்டு நிறுவப் புகுந்தது.

முதலாவது, இப்பொழுது வழங்கும் முறையை நோக்குவோம். முன்னிடைச்சொற்கள் இவையென ஒரு பட்டியும், இணைப்புச்சொற்கள் இவையென மற்றொரு பட்டியும் மாணவர்க்குக் கொடுக்கப்படுகின்றன. அவர்கள் வாய்பாடு ஒப்பிப்பதுபோல் அவற்றை ஒப்பிக்கின்றனர். பின்னர்ப் பரீட்சையிலே, ‘பிபோர்’ என்பது எவ்வகைச் சொல் என்று வினவுகின்றனர். வாக்கியம் ஒன்றும் கொடாமல் வினவும் இவ்வினாவுக்கு விடையே இல்லை. ‘பிபோர்’, ‘ஆப்டர்’, ‘ஸின்ஸ்’, ‘அன்டில்’ என்னும் நான்கும் இரண்டு பட்டியிலும் உள்ளன. ‘பார்’, ‘பட்’, ‘ஆஸ்’ என்பனவும் அவ்வாறே இரு பக்கமும் நிற்பன. ஒருவன் பெயரை இரண்டு ஊர்க் கணக்கில் எழுதிவைத்துக்கொண்டு, அவன் எந்த ஊரான் என்று வினவினால் யார்தான் விடை கூற வல்லார்? இன்று அவன் எவ்வூரில் நின்று என்ன தொழில் செய்கின்றான் என்று வினவின் அன்றோ விடை பிறக்கும்?

பட்டி முறையின் குறைக்கு ஒரு பழங்காரணமும் உண்டு. ஆங்கில இலக்கணிகள் கொண்ட சொற்பாகுபாடு அவர்கள் தாமே கண்டதன்று. டயோனீசியஸ் திராக்ஸ் என்பார் பெயரால் வழங்கும் கிரேக்க இலக்கணம் சொற்களை எட்டாக வகுத்தது. அது முன்னிடைச்சொல்லையும் இணைப்புச்சொல்லையும் தனித்தனி இனங்களாக வைத்தது. அப்பாகுபாடு சிறிது மாறி இலத்தீன் இலக்கணத்துக்கும், அதன் வழியாக ஆங்கில இலக்கணத்துக்கும் வந்தது. அவ்விரு பெயர்களின் பொருளை நோக்குமின். முன்னதன் கிரேக்கப் பெயர்க்கு ‘முன்னே வைக்கப்படுவது’ என்பது பொருள். பின்னதன் கிரேக்கப் பெயர்க்குக் ‘கட்டு’ என்பது பொருள். ஒன்று நிற்கும் இடம் பற்றி வந்த பெயர். மற்றொன்று செய்யும் தொழில் பற்றி வந்த பெயர். ஒருவனை ‘வாயிலில் நிற்பவன்’ என்றும், மற்றொருவனைக் ‘காவல் செய்பவன்’ என்றும் பிரித்தால், வாயிலில் நின்று காவல் செய்பவனை எப்பிரிவிற் சேர்ப்பது? இரண்டு இனங்களையும் வகுக்க ஒரே அளவுகோல் கொள்ளாமையே இம்மயக்கத்தின் வேர்.

ஆயின் அளவுகோல் யாது? சொல்லை நோக்கற்க, அச்சொல்லை அடுத்து வருவதை நோக்குக. இதுவே அளவுகோல். அடுத்து வருவது பெயராயின் முன்னது முன்னிடைச்சொல். அடுத்து வருவது தனக்கென எழுவாயும் முற்றுவினையும் உடைய வாக்கியமாயின் முன்னது இணைப்புச்சொல். ‘ஆப்டர் தி ரெயின்’ என்புழி மழை என்னும் பெயரே பின்வந்தமையின், ‘ஆப்டர்’ முன்னிடைச்சொல். ‘ஆப்டர் இட் ரெயின்ட்’ என்புழி எழுவாயும் வினையும் வந்தமையின், அதே ‘ஆப்டர்’ இணைப்புச்சொல். பின்வருவது பிரதிப்பெயராயின் இன்னும் எளிது. ‘ஆப்டர் ஹிம்’ எனச் செயப்படுபொருள் வடிவு வந்தால் முன்னிடைச்சொல். ‘ஆப்டர் ஹி கேம்’ என எழுவாய் வடிவு வந்து, அதற்கொரு வினையும் தொடர்ந்தால் இணைப்புச்சொல்.

பின்னே ஒன்றும் வாராதொழியின் யாதெனின், அது வினையுரிச்சொல். ‘இவனை நான் முன்பு கண்டதுண்டு’ என்னும் கருத்தை ஆங்கிலத்திற் கூறி, ஈற்றில் ‘பிபோர்’ என்று நிறுத்தினால், அஃது எதனையும் கொள்ளாது வினையையே சிறப்பித்து நிற்கின்றது. ‘பிபோர் கோயிங்’ என்புழி வருவது வினைபோல் தோன்றினும், தொழிற்பெயரே. தமிழிற் ‘போதற்கு முன்’ என்பதை ஒக்கும். ஆதலின் ஆண்டு வந்தது முன்னிடைச்சொல். ‘வைல் வாக்கிங்’ என்புழி மட்டும் எச்சரிக்கை வேண்டும். ‘வைல்’ என்பது பெயரை ஏற்கும் வழக்கம் உடையதன்று. ஆதலின் ‘அவன் நடந்துகொண்டிருக்கையில்’ என்னும் முழு வாக்கியத்தில் எழுவாயும் துணைவினையும் தொக்கு நின்றன எனக் கொள்ளல் வேண்டும். தொகைநிலை பயின்ற தமிழ் மாணவனுக்கு, மறைந்து நிற்பதை விரித்துக் காண்பது புதிதன்றே.

நிற்க. சொல்லுக்குப் பட்டியே போதாது, இடமும் வேண்டும் என்னும் இவ்வுண்மை மேனாட்டார் சொல்லி நாம் அறியவேண்டுவதன்று. தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் வேற்றுமையியலும் வினையியலும் அருகருகே வைத்துப் பார்க்கத் தக்கன. வேற்றுமையியலில் ஏழாம் வேற்றுமைக்குரிய இடப்பொருள்களை அடுக்கும் ஆசிரியர், அவற்றுள் பின், முன், கால், கடை என்பவற்றையும் வைத்தார். வினையியலிலே வினையெச்சங்களைக் கூறுமிடத்தும், அதே பின், முன், கால், கடை என்பவற்றைக் காலங்குறித்து வருவனவாக மீளவும் வைத்தார். ஒரே சொல்லை ஈரிடத்துக் கூறியது மறதியன்று. பெயரைச் சார்ந்து வருங்கால் அதன் தொழில் ஒன்று. வினையைச் சார்ந்து வருங்கால் அதன் தொழில் வேறு. ‘வீட்டின்முன்’ என்பதில் வரும் ‘முன்’ இடங்காட்டிற்று. ‘வருமுன்’ என்பதில் வரும் ‘முன்’ ஒரு வினையை மற்றொரு வினையோடு காலத்தாற் பிணைத்தது. ‘பிபோர்’ என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு வேண்டிய விளக்கம் முழுவதும் இங்கே உளது. தொல்காப்பியம் கற்ற மாணவன், ‘பிபோர்’ எவ்வகைச் சொல் என்பதற்கு ‘எதனைச் சார்ந்து?’ என்று எதிர்வினா விடுப்பானாயின், அதுவே சரியான விடை.

வேதாகமம் வாசிப்பார் இதனை எளிதிற் காணலாம். யோவான் எழுதின சுவிசேஷத்தின் எட்டாம் அதிகாரம் ஐம்பத்தெட்டாம் வசனத்தில் ஆபிரகாமைப் பற்றி நம் ஆண்டவர் கூறுவதையும், அதே சுவிசேஷத்தின் பதினேழாம் அதிகாரம் இருபத்துநான்காம் வசனத்தில் உலகத்தோற்றத்தைப் பற்றிக் கூறுவதையும், இரு மொழியிலும் ஒத்துப் பார்க்குக. 1611-ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பில் இரண்டிடத்தும் ‘பிபோர்’ என்னும் ஒரே சொல் வருகின்றது. முன்னதில் அதன்பின் ஆபிரகாம் என்னும் எழுவாயும் ஒரு வினைமுற்றும் உள்ளன. பின்னதில் பெயர்த்தொடர் மட்டுமே உளது. தமிழ் வேதத்திலோ, பின்னதில் உள்ள பெயர் நான்காம் உருபேற்று ‘முன்’ என்பதைக் கொண்டது. முன்னதில் வினையே பெயராகி, அதுவும் நான்காம் உருபேற்று ‘முன்’ என்பதைக் கொண்டது. ஆங்கிலம் வாக்கியத்தை வாக்கியமாகவே நிறுத்தி அதன் தலையிலே ஒரு சொல்லை வைக்கின்றது. தமிழ் வாக்கியத்தைப் பெயராக்கி அதன் ஈற்றிலே உருபு சேர்க்கின்றது. இவ்வொரு வேற்றுமையை உணர்ந்தவன் இரு மொழியின் கட்டுக்கோப்பையும் உணர்ந்தவனாவான்.

இவ்வுணர்ச்சி இருந்தால், தமிழ் மாணவன் எங்கே வழுவுவான் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். தமிழிலே ‘மாலைவரை’ என்றும் ‘அவன் வரும்வரை’ என்றும் ஒரே சொல் வருகின்றது. ‘போரின்போது’ என்றும் ‘போர் நடந்தபோது’ என்றும் ஒரே சொல் வருகின்றது. ‘மழையால்’ என்றும் ‘மழை பெய்ததால்’ என்றும் ஓர் உருபே வருகின்றது. ‘கிளிபோல’ என்றும் ‘கிளி பேசுவதுபோல’ என்றும் ஓர் உவமவுருபே வருகின்றது. தமிழ் எப்போதும் ஒரே நெறியில் நிற்கின்றது. மாற வேண்டுவது வினையின் வடிவமேயன்றி, இணைக்கும் சொல்லன்று. ஆங்கிலம் அவ்வாறன்று. ‘வரை’ என்பதற்கு இரண்டிடத்தும் ‘அன்டில்’ என்றே கூறும். ஆனால், ‘போது’ என்பதற்குப் பெயர் வரின் ‘டியூரிங்’ என்றும், வாக்கியம் வரின் ‘வைல்’ என்றும் கூறும். ‘ஆல்’ என்பதற்குப் பெயர் வரின் ‘பிகாஸ் ஆவ்’, வாக்கியம் வரின் ‘பிகாஸ்’. ‘போல’ என்பதற்குப் பெயர் வரின் ‘லைக்’, வாக்கியம் வரின் ‘ஆஸ்’. எதிர்மறைக் கருத்துக்குப் பெயர் வரின் ‘டிஸ்பைட்’, வாக்கியம் வரின் ‘ஆல்தோ’.

ஆகவே, ‘அன்டில்’, ‘ஆப்டர்’, ‘பிபோர்’ என்பவற்றில் தமிழ் மாணவன் வழுவுவது அரிது. தாய்மொழி வழக்கம் அவனைத் தாங்குகின்றது. வகைப்பெயர் கூறத் தெரியாவிடினும் வாக்கியத்தைச் சரியாகவே எழுதிவிடுவான். வழுவுவதெல்லாம் இரட்டைகளிலேயே. ‘டியூரிங்’ என்பதன்பின் ஒரு முழு வாக்கியத்தை எழுதுகின்றான். ‘பிகாஸ் ஆவ்’ என்று தொடங்கி எழுவாயும் வினையும் வைக்கின்றான். ‘டிஸ்பைட்’ என்பதன்பின் ‘மழை பெய்தது’ என்னும் வாக்கியத்தை அப்படியே அமைக்கின்றான். இவற்றைக் கண்டவுடன் சிவப்பு மையினாற் கோடிடும் உபாத்தியாயர், இப்பிழையினுள் ஓர் ஒழுங்கு உண்டென்று காண்பரேல், கோடிடுவதோடு நில்லார். ‘நின் மொழியில் ஒரு சொல் செய்யும் தொழிலை இங்கே இரு சொற்கள் பங்கிட்டுக்கொண்டன’ என்று ஒரு வார்த்தை சொல்லுவர். அவ்வொரு வார்த்தை நூறு கோடுகளினும் பயன்படும்.

‘ஆல்தோ’ என்று தொடங்கி இடையிலே ‘பட்’ என்றும் சேர்ப்பது நம்மவரிடையே பெருவழக்காகிய மற்றொரு பிழை. இதற்கும் காரணம் காணலாம். ‘மழை பெய்தபோதிலும் நாங்கள் சென்றோம்’ என்னும் தமிழ் வாக்கியத்தில், பிணைப்பு இரண்டு பகுதிக்கும் நடுவே நிற்கின்றது. ஆங்கிலத்திலோ ‘ஆல்தோ’ வாக்கியத்தின் தலைக்கே போய்விடுகின்றது, நடுவிடம் வெறிதாகின்றது. நடுவே பிணைப்பைக் கேட்டுப் பழகிய செவி, அவ்வெற்றிடத்தைப் பொறாது ‘பட்’ என்பதைக் கொண்டு நிரப்பிவிடுகின்றது என்று யாம் கருதுகின்றோம். பூட்டு வாயிலின் மேலே மாட்டப்பட்டிருப்பதைக் காணாதவன் நடுவிலும் ஒன்று மாட்டுவதை ஒக்கும் இது. காரணம் அறிந்தவன் மறுமுறை அதனைச் செய்யான்.

ஆங்கிலமும் ஒருகாலத்தில் நம் மொழியின் நெறிக்கு அணுகி நின்றதென்பது வியப்புத் தரும். பழைய ஆங்கிலத்தில் ‘அவன் வந்த பின்’ என்னும் கருத்தை உரைக்க, ‘ஆப்டர்’ என்பதன்பின் ‘அது’ என்னும் பொருளுடைய சுட்டுப்பெயரை வேற்றுமை வடிவில் வைத்து, அதன்பின்னரே வாக்கியத்தைத் தொடுத்தனர். ‘வந்ததன்பின்’ என்று நாம் கூறுங்கால், ‘அது’ என்பதன் மேல் சாரியையும் ‘பின்’ என்பதும் ஏறுவதை இதனோடு ஒப்பிடுக. பின்னாளில் அச்சுட்டு மெலிந்தது. 1611-ஆம் ஆண்டு வேதாகமத்தில் ‘ஆப்டர் தட்’ என வாக்கியத்துக்கு முன் வருவது அதன் எச்சமாகும். பின்னும் நாட்பட அதுவும் தேய்ந்து, ‘ஆப்டர்’ மட்டும் எஞ்சியது. பெயரை ஆண்ட முன்னிடைச்சொல்லே, இடையில் நின்ற சுட்டு உதிர்ந்தமையால், வாக்கியத்தை ஆளும் இணைப்புச்சொல்லாயிற்று. ‘வைல்’ என்பதும் முதலிற் ‘பொழுது’ என்னும் பொருளுடைய பெயரே. நம் ‘போது’ என்பதும் பொழுதே அன்றோ? ‘பிகாஸ்’ என்பது ‘காரணத்தால்’ என்னும் பொருளில், ஒரு முன்னிடைச்சொல்லும் ஒரு பெயரும் ஒட்டிப் பிறந்தது. ‘டியூரிங்’ என்பது ‘நீடித்தல்’ என்னும் பொருளுடைய வினையின் எச்சம். இவ்விரு பட்டிகளிலும் உள்ள சொற்கள் பிறவியிலேயே இரு சாதியாகப் பிறந்தனவல்ல. வழக்கினால் வேறுவேறு வேலைக்கு அமர்ந்தன.

இனி, ‘அண்ட்’ என்னும் சொல்லைக் குறித்து ஒரு தடை எழும். பின்வருவது பெயராயின் முன்னது முன்னிடைச்சொல் என்றீர். ‘பீட்டர் அண்ட் ஜான்’ என்புழிப் பெயர்தானே பின்வந்தது. ‘அண்ட்’ முன்னிடைச்சொல்லாகுமோ எனின், ஆகாது. இத்தடைக்கும் தமிழே விடை கூறும். ‘பேதுருவும் யோவானும் வந்தனர்’ என்பதும் ‘பேதுரு யோவானோடு வந்தான்’ என்பதும் ஒன்றல்ல. முன்னதில் இருவரும் நிகராய் நின்றனர். வினையும் பன்மை கொண்டது. பின்னதில் யோவான் வேற்றுமையுருபு ஏற்றுப் பேதுருவைச் சார்ந்து நின்றான். வினை ஒருமையே கொண்டது. ‘அண்ட்’ என்பது எண்ணும்மைபோல் நிகராக்கி இணைப்பது. ‘வித்’ என்பது ஒடுவுருபுபோல் ஒன்றை மற்றொன்றுக்குச் சார்பாக்குவது. ஆகவே அளவுகோலைச் சிறிது விரித்துக் கூறுவோம்: பின்வரும் பெயரைத் தனக்கு ஆட்படுத்தி வடிவம் மாற்றுவது முன்னிடைச்சொல், ஆட்படுத்தாது நிகரானவற்றைச் சேர்ப்பதும், வாக்கியத்தை வாக்கியத்தோடு பிணைப்பதும் இணைப்புச்சொல். ‘பிட்வீன்’ என்பதன்பின் ‘யூ அண்ட் ஐ’ என்று எழுதும் பிழை ஆங்கிலேயரிடத்தும் உண்டு. ‘பிட்வீன்’ என்பது பின்வரும் இருவரையுமே ஆள்வது. ‘அண்ட்’ இடையிட்டமையால் அவ்வாட்சி நீங்காது. ஆதலின் ஆண்டு ‘மீ’ என்பதே முறை.

நன்னூலார் ஒடு என்பதனை மூன்றாம் வேற்றுமை உருபாகவும் கூறினார். எண்ணிடைச்சொற்களுள் ஒன்றாகவும் கூறினார். அவ்விரு தொழிலையும் ஏற்கும் சொல்லுக்கு இடைச்சொல் என்னும் ஒரே இனப்பெயரை வைத்தார். வேற்றுமை உருபும் இடைச்சொல்லே, எண்ணும்மையும் இடைச்சொல்லே. பெயரும் வினையும் போலத் தனித்து நடவாது, அவற்றைச் சார்ந்தே நடப்பன யாவும் ஓரினமெனக் கண்டு, அதன்பின் அவை செய்யும் தொழிலால் உட்பிரிவு செய்தனர் நம் முன்னோர். கிரேக்கர் இனத்திலேயே பிரித்துப் பின்னர் மயங்கியதை, நம்மவர் இனத்தில் ஒன்றாக்கித் தொழிலிற் பிரித்து மயக்கம் நீக்கினர்.

இஃது உள்ளூர்ப் பெருமை பேசுவதாகத் தோன்றலாம். மேனாட்டு அறிஞரே இவ்விடத்துக்கு வந்து சேர்ந்துள்ளனர் என்பதையும் எடுத்துரைப்போம். டென்மார்க்கு நாட்டு ஆங்கில இலக்கண அறிஞராகிய ஆட்டோ ஜெஸ்பர்சன், 1924-ஆம் ஆண்டில் வெளியிட்ட இலக்கணத் தத்துவ நூலிலே, வினையுரி, முன்னிடைச்சொல், இணைப்புச்சொல் என்பவற்றை வேறுவேறு இனங்களாக்குதல் தகாதென்றும், அவற்றை ஓரினமாக்கலாமென்றும் வாதித்தார். ஒரு வினைச்சொல் ஒன்றையும் கொள்ளாது நிற்பினும், பெயரைக் கொள்ளினும், வாக்கியத்தைக் கொள்ளினும் அது வினைச்சொல்லே; அங்ஙனமாக ‘ஆப்டர்’ என்பதற்கு மட்டும் மூன்று பெயர் எதற்கு என்பதே அவர் வாதத்தின் சாரம். ராண்டால்ஃப் குவர்க்கும் அவர் துணைவரும் 1985-இல் வெளியிட்ட பேரிலக்கணம் பழைய பிரிவையே தழுவியது. 2002-இல் ரோட்னி ஹடில்ஸ்டன், ஜெஃப்ரி புல்லம் என்பார் முதன்மையாக இருந்து வெளியிட்ட கேம்பிரிட்ஜ் ஆங்கில இலக்கணமோ, வாக்கியத்துக்கு முன் வரும் ‘ஆப்டர்’, ‘பிபோர்’ முதலியவற்றையும் முன்னிடைச்சொல் என்றே வகுத்தது. இடைச்சொல் என்று தொல்காப்பியர் வகுத்தது முற்றும் அதுவேயன்று. ஆயினும் இரண்டும் ஒரு திசை நோக்கியன.

அற்றேல், பேரறிஞரே பிரிவை நீக்கிவிட்டபின் மாணவர் பிரித்தறிய வேண்டுவது எதற்கு எனின், நன்று வினாவினீர். அவர்கள் நீக்கியது பெயர் வேறுபாட்டை, தொழில் வேறுபாட்டையன்று. ‘டியூரிங்’ என்பது பெயரை மட்டும் ஏற்கும் என்பதும், ‘வைல்’ என்பது வாக்கியத்தை ஏற்கும் என்பதும், எவ்விலக்கணம் வகுப்பினும் மாறாதன. பெயர் எதுவாயினும் ஆகுக. எது எதனை ஏற்கும் என்னும் அறிவே மாணவனுக்கு வேண்டுவது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாக உடையோர் வகைப்பெயர் அறியாமலே பிழையின்றிப் பேசுகின்றனரே என்பாரும் உளர். அவர்க்குச் செவியே இலக்கணம். செவிவழி பெறாதவனுக்கு அறிவுவழியன்றி வேறு வழி யாது? அன்றியும், ‘லைக்’ என்பதை வாக்கியத்துக்கு முன் வைத்து 1954-இல் அமெரிக்காவிலே வெளிவந்த ஒரு சிகரெட்டு விளம்பரம், ஆங்கில ஆசிரியர்களிடையே பெருங்கண்டனம் எழுப்பியது யாவரும் அறிந்தது. தாய்மொழியாளரும் இவ்வெல்லையிற் பூசலிடுவரெனின், நம் மாணவன் தடுமாறுவதை இகழ்தல் நீதியன்று.

ஆங்கில வகுப்பிலே தமிழ் இலக்கணத்தைக் கொணர்தல் தகாது, அஃது அயல்மொழிப் பயிற்சிக்கு இடையூறு என்பது மற்றொரு தடை. தமிழ்ச் சொற்களை ஆங்கில வாக்கியத்திற் பெய்யும்படி யாம் கூறவில்லை. தமிழாற் கூர்மையுற்ற அறிவை ஆங்கிலத்தின்மேற் செலுத்தும்படியே கூறுகின்றோம். நம் நாட்டுக்கு வந்த ஐரோப்பியக் குருமார் செய்தது இதுவே. சீகன்பால்கு ஐயர் தமக்குத் தெரிந்த இலத்தீன் இலக்கணத்தின் வழிநின்று தமிழை நோக்கி, 1716-ஆம் ஆண்டில் ஹாலே நகரிலே தமிழிலக்கணம் ஒன்றை இலத்தீன் மொழியில் வெளியிட்டார். வீரமாமுனிவர் தமிழ்நூல்களிலேயே மூழ்கி, 1730-இல் எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்னும் ஐந்தும் அடங்கத் தொன்னூல் விளக்கம் இயற்றினார். நம் மொழியில் முன்னே வரும் சொல் இன்மையையும், பெயரின் பின்னே உருபு வருதலையும் கண்ட ஐரோப்பிய இலக்கணிகள், பின்னே வைக்கப்படுவது என்னும் பொருளில் ‘போஸ்ட்பொசிஷன்’ என்று அதற்கொரு பெயரையும் வழங்கினர். தம் மொழியறிவைத் துணைக்கொண்டு அவர்கள் தமிழ் கற்றனர். நம் மொழியறிவைத் துணைக்கொண்டு நாம் ஆங்கிலம் கற்றல் மட்டும் எங்ஙனம் குற்றமாகும்?

யாம் வேண்டுவன மூன்று. பரீட்சையில் வாக்கியமின்றித் தனிச்சொல்லைக் கொடுத்து வகை கேட்கும் வழக்கம் ஒழிதல் வேண்டும். இரு பட்டிகளை உருப்போடுவித்தலை விடுத்து, ‘டியூரிங்’ ‘வைல்’, ‘பிகாஸ் ஆவ்’ ‘பிகாஸ்’, ‘டிஸ்பைட்’ ‘ஆல்தோ’, ‘லைக்’ ‘ஆஸ்’ என்னும் நான்கு இரட்டைகளையும் தமிழ் வாக்கியங்களோடு ஒப்பிட்டுப் பயிற்றுதல் வேண்டும். மூன்றாவதாக, ஆங்கில ஆசிரியரும் தமிழாசிரியரும் ஆண்டில் ஒருமுறையேனும் ஒரே வகுப்பில் ஒருங்கே நின்று, வேற்றுமையியலையும் ஆங்கில வாக்கியத்தையும் ஒரே கரும்பலகையில் எழுதிக் காட்டுதல் வேண்டும். இதற்குப் புதிய நூலும் வேண்டா, பொருட்செலவும் வேண்டா.

தமிழிலக்கணம் கற்றவன் ஆங்கிலத்திற்குப் பின்தங்கியவன் என்னும் எண்ணம் நம் கலாசாலைகளில் வேரூன்றியுள்ளது. தமிழை விருப்பப் பாடமாக எடுப்பவனைக் கண்டு இரங்குவாரும் உளர். அவ்விரக்கம் அவனுக்கு வேண்டா. ஒரு சொல்லை அதன் சார்பில் வைத்து நோக்கும் பயிற்சியைத் தொல்காப்பியத்திலும் நன்னூலிலும் பெற்றவன், எம்மொழி இலக்கணத்தையும் அஞ்சாது அணுகற்குரியவன். கடைசிப் பலகையில் ஒதுங்கும் அம்மாணவனிடம் யாரேனும் இதனைச் சொல்லவேண்டும்: நீ அறியாதது ஆங்கிலத்தின் சில சொற்களையே, சொல் எவ்வாறு தொழில் செய்யும் என்பதையோ நீ முன்னரே கற்றிருக்கின்றாய்.